காதில் பேசுகிறவள்

அத்தியாயம் 17

கிளி இன்னும் சொல்லவில்லை.

கடல் தாண்டிப் போய் இரண்டு வருடம் வேலை பார்க்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய உலக அமைப்பு. இனி மாநாட்டுக்கு மாநாடு வாய்ப்புத் தேடி அலைய வேண்டாம்; சொந்த மேஜை, சொந்த நாற்காலி. பதில் இன்று மாலைக்குள் போக வேண்டும்.

கணவனிடம் போன வாரமே சொல்லிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனான அவன், ஒரு கண்ணாடிச் சட்டத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருகு முடுக்கிக்கொண்டே, "நீ போ. கடையை மூடிட்டு நானும் பின்னாலயே வந்துடறேன்" என்றான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் திருகு கீழே விழுந்து உருண்டோடியதையும், இருவரும் தரையில் தவழ்ந்து அதைத் தேடியதையும் பார்த்தோம்.

மாமியாரிடம்தான் வாய் எழவில்லை. அடுத்தவர்களின் பேச்சையெல்லாம் அட்சரம் பிசகாமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் அவள் தொழில். அதனால்தான் மாமியார் வைத்த பெயரே கிளி. ஆனால் தன் பேச்சைத் தானே சொல்ல வேண்டியபோது கிளிக்கு ஒரு மொழியும் உதவவில்லை.

"அத்தை..."

சமையலறையில் காக்கிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கண்டக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பணி ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தெரு முனைக் கடைக்காரர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மாதான். இன்று பெண் உரிமைக்கான சர்வதேச மாநாட்டில், போக்குவரத்துப் பெண் ஊழியர்கள் சார்பாகப் பேசப் போகிறார்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல வாய் வைக்காதீங்க."

"மைக்கே வேண்டாங்கறேன். கடைசி சீட்ல தூங்கறவனை எழுப்பி டிக்கெட் போட்ட தொண்டைடி இது."

"உங்க தொண்டை எனக்குத் தெரியும் அத்தை. ஆனா மைக்ல பேசினாத்தான் என் காதுக்கு வரும். என் காதுக்கு வந்தாத்தான் மத்தவங்க காதுக்குப் போகும்."

"அப்ப சரி. உன் காதுக்காகப் பேசறேன்."

கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து பழைய தோல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"மாநாட்டுக்கு எதுக்கு அத்தை அந்தப் பை?"

"இது தோள்ல இல்லைன்னா ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்கற மாதிரி இருக்கு. நீ உன் வேலையப் பாரு."

கிளி கைப்பையை எடுத்துக்கொண்டாள். சொல்ல வந்தது உள்ளேயே போயிற்று.

*

மாநாட்டு மண்டபத்தின் பின்பக்கச் சுவரில், தேன்கூட்டு அறைகளைப் போல வரிசையாகக் கண்ணாடி அறைகள்; பூத் என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு மொழி. தமிழுக்கு ஏழாம் எண். மண்டபத்தில் காதுக்கருவி மாட்டியிருப்பவர்கள் அதை ஏழாம் எண்ணுக்குத் திருப்பினால் கிளியோ வாலுவோ அவர்கள் காதில் பேசுவார்கள்.

வாலு என்பவள் கண்டக்டரம்மாவின் மகள், கிளியின் நாத்தனார். வெளியில் அவளுக்கும் மரியாதையான பெயர் இருக்கிறது. வீட்டில் இல்லை. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு ஒரே தொழில், ஒரே கண்ணாடி அறை. "வெளியே தேட வேண்டாம், எங்க அண்ணனையே கட்டிக்கோ" என்று தோழியைப் பிடித்து அண்ணியாக்கியவளும் அவள்தான்.

இந்த வேலையை ஒருத்தியால் தனியாகச் செய்ய முடியாது. அரை மணி நேரம் பேசினால் மூளை கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் ஜோடி. ஒருத்தி பேசும்போது மற்றவள் சும்மா இருக்க மாட்டாள். வேகமாக வந்து விழும் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் தாளில் எழுதி, பேசுகிறவளின் கண்முன்னால் நகர்த்துவாள். வளையல், கொலுசு எல்லாம் கழற்றி ஒரு துண்டில் முடிந்து வைத்துவிடுவார்கள். சிணுங்கினால் மைக் கேட்டுவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. பேச்சாளர் "நான்" என்றால் இவர்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. இன்று காலையிலிருந்து கிளி ஒரு நீதிபதியாகவும், மீன்பிடிப் படகு ஓட்டும் பெண்ணாகவும், பிரசவ விடுப்புக் கேட்டு வேலையை இழந்த வங்கி அதிகாரியாகவும் இருந்துவிட்டாள். கிளியாக இருக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

இடைவேளையில் டீ வரிசைக்குப் போய்த் திரும்பிய வாலு, கதவைச் சாத்திய விதமே சரியில்லை. மெத்தை வைத்த கதவு, சத்தம் வராது. ஆனால் சாத்தப்பட்ட கோபம் தெரிந்தது.

அதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது. வாலுவின் முறை. ஒரு பேராசிரியையின் உரையை மணி மணியாகத் தமிழில் சொன்னாள். கிளி எழுதி நகர்த்திய தாளை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பேராசிரியை முடித்தார். அடுத்துப் போக்குவரத்து ஊழியர்களின் பிரதிநிதி. ஆனால் மேடைத் திரை திடீரென்று இருண்டுவிட்டது. "இதோ சரியாகிவிடும், யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றார் அமர்வின் தலைவர்.

இப்படிப்பட்ட சின்ன இடைவெளியில் மைக்கை அணைக்க மாட்டார்கள். எந்த நொடியும் பேச்சு தொடங்கலாம். அதற்கென்றே மேஜையில் ஓர் இருமல் பொத்தான் இருக்கிறது. விரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை இருமலாம், தும்மலாம், தண்ணீர் குடிக்கலாம். வெளியே கேட்காது.

வாலு அதை அழுத்திப் பிடித்தாள்.

"வாழ்த்துகள் அண்ணி."

கிளி பேனாவைக் கீழே வைத்தாள். வாலு கோபத்தில் மட்டும்தான் அவளை அண்ணி என்பாள்.

"பிரெஞ்சு பூத் அக்கா சொன்னாங்க. 'உன் ஜோடி எங்க ஆபீசுக்கு வரப் போறாளாமே, உனக்கு இனி யாரு'ன்னு கேக்கறாங்க. டீக் கப்பைக் கையில வச்சுக்கிட்டு நான் ஈன்னு சிரிச்சுட்டு வரேன்."

"வாலு, இன்னிக்குச் சொல்லணும்னுதான்..."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஓஹோ. பெஞ்சுல இடம் பிடிச்சுக் கொடுத்தவ நான். புருஷனைப் பிடிச்சுக் கொடுத்தவ நான். எனக்குக் கடைசியில டீ வரிசையில தெரியணும். அம்மாவுக்கு?"

கிளி கையிலிருந்த தாளை மடிக்கத் தொடங்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியாது! சரியாப் போச்சு."

"எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. போன வருஷம்தான் முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. நான் வீட்டுக்குள்ள வந்தா செருப்புச் சத்தத்துலயே, 'இன்னிக்கு யாரோட வாயாப் பேசினேடி'ன்னு ஆரம்பிக்கறாங்க. நான் போறேன்னு சொன்னா தாங்கவே மாட்டாங்க."

வாலுவின் கோபம் சட்டென்று வடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

"தாங்க மாட்டாங்கதான்" என்றாள். "மேல வீறாப்பா இருப்பாங்க. உள்ள உடைஞ்சிடுவாங்க."

"அதான் பயமா இருக்கு."

"அழாதே. பூத்ல அழுதா மூக்கடைச்சுக்கும், அப்புறம் பேச்சு வராது." வாலு யோசித்தாள். யோசனை வந்ததும் கண் விரிந்தது. "ஒண்ணு பண்ணலாம். ஆறு மாசம் ட்ரெயினிங்னு சொல்லிடலாம். ஆறு மாசம் கழிச்சு, ஐயையோ நீட்டிட்டாங்கன்னு சொல்லுவோம். அப்புறம் இன்னொரு நீட்டிப்பு. கொஞ்சம் கொஞ்சமா பழகிடும். தெரியவே தெரியாது!"

இதையும் கையை விரித்துத்தான் சொன்னாள். வாலுவுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. அந்த வீட்டில் யாருக்குமே வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு செய்யுள் ஒப்பிக்கச் சொன்னபோது முதலடியே மறந்துபோனவள் அவள்.

"பொய்தானே அது?"

"பொய்னா பொய்யா? பாசம்! அவங்க நல்லதுக்குத்தானே பண்றோம்? அண்ணனையும் அதையே சொல்லச் சொல்லு. நான் வாரா வாரம் வந்து, 'ட்ரெயினிங் ரொம்பக் கஷ்டமாம்மா'ன்னு ஒரு பிட்டு போடறேன்."

கிளிக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்தது.

டக், டக், டக்.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேஜையைக் காட்டினாள்.

மைக்கின் தலையில், பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருமல் பொத்தானின்மேல் விரல் இல்லை; 'வாழ்த்துகள்' என்றதுமே அது விலகியிருக்க வேண்டும். வாலுவின் இரண்டு கைகளும் இன்னும் அந்தரத்தில் இருந்தன.

மெதுவாக மண்டபத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் கண்டக்டரம்மாவின் தொழிற்சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் காதுக்கருவியோடு திரும்பி ஏழாம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. காக்கிக் கோட்டு, காதுக்கருவி, நிமிர்ந்த முதுகு.

"போச்சு" என்றாள் வாலு. இந்தத் தடவை பொத்தானை அழுத்திக்கொண்டு.

*

திரை வந்துவிட்டது. தலைவர் பெயரைச் சொல்லி அழைத்தார். கண்டக்டரம்மா காதுக்கருவியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். தோல் பையோடு மேடை ஏறினார்.

"வாலு, நீ பேசு. என்னால முடியாது."

"நான் வாயத் தொறந்தா ஓன்னு அழுதுடுவேன். நீதான் அவங்களோட ஒத்திகை பார்த்தவ. பேசு."

கிளி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். இப்போது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். அவள் ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் மற்ற அறைகள் தங்கள் மொழிக்கு மாற்றும். அதாவது, மாமியாரின் வார்த்தை மொத்த மண்டபத்துக்கும் அவள் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் கண்டக்டரம்மா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் பஸ் கண்டக்டர்."

"நான் பஸ் கண்டக்டர்" என்றாள் கிளி, ஆங்கிலத்தில்.

எழுதி வைத்ததை அப்படியே பேசினார். வேலைக்குச் சேர்ந்தபோது பஸ் டிப்போவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இல்லை. அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓடினார்கள். பிறகு கழிப்பறை வந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல். "பெரிய உரிமை எல்லாம் அப்புறம். நாங்க முதல்ல கேட்டது ஒரு தாழ்ப்பாள்" என்றார். கிளி அதைச் சொல்லி முடித்ததும் மண்டபத்தில் நாலா பக்கமும் பெண்கள் தலையாட்டினார்கள். எல்லா ஊரிலும் அந்தக் கதவு இருக்கிறது போலிருக்கிறது.

"தாழ்ப்பாள் வந்துச்சு. அப்புறம் தொலைதூர பஸ் கேட்டோம். அதுலதான் சம்பளமும் அதிகம், பதவி உயர்வும் வரும். மேலதிகாரி கெட்டவர் இல்ல. தங்கமான மனுஷன். 'உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம், நீங்க தாங்க மாட்டீங்க'ன்னு பாசமாத்தான் சொன்னார். எங்களைக் கேக்கவே இல்ல."

இந்த இடத்தைக் கிளி வீட்டில் எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறாள்! சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து கை தட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அந்த மேலதிகாரி யாரோ ஒரு மனிதர். இன்று அவருக்குத் தன் முகம் இருந்தது.

"நீங்க தாங்க மாட்டீங்க" என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது கிளியின் குரல் இடறியது. வாலு தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள்.

கண்டக்டரம்மா தாளை மடித்துப் பையில் போட்டார். "எழுதி வச்சது முடிஞ்சுது" என்றார். தலைவரைப் பார்த்து, "நேரம் காட்டற விளக்கு மஞ்சள்லதானே இருக்கு? சிவப்புக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?"

தலைவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

"எங்க வீட்டுலயும் இன்னிக்கு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தாங்க. நான் தாங்க மாட்டேன்னு."

கிளியின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு நொடி. இரண்டு நொடி. மண்டபத்தில் மற்ற மொழிக்காரர்கள் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்கள்.

வாலு அவள் தோளைத் தொட்டாள். சொல்லு.

"எங்கள் வீட்டிலும்" என்றாள் கிளி. விதி விதிதான். "நான் தாங்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டார்கள்."

"என் மருமக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகணும். எனக்குத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா உடைஞ்சிடுவேனாம். அந்த மருமக யாருன்னா, இப்ப உங்க காதுல பேசிட்டிருக்காளே, அவதான்."

தமிழ்ப் பெண்கள் உடனே சிரித்தார்கள். கிளி சொல்லி முடித்ததும் மிச்ச மண்டபம் சிரித்தது. அத்தனை தலைகளும் ஏழாம் அறைப் பக்கம் திரும்பின. வாலு மேஜைக்கடியில் குனிந்துகொண்டாள்.

"அவ போனா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். காலைல சண்டை போட ஆள் இருக்காது. செருப்புச் சத்தம் கேக்காது. ஆனா கஷ்டப்படறது வேற, உடையறது வேற. கஷ்டத்தை நான் பட்டுக்கறேன். அது என் உரிமை. அதையும் எடுத்து ஒளிச்சு வச்சா எப்படி?"

கிளி பேசினாள். "நான் கஷ்டப்படுவேன்" என்றாள். "நான் உடைய மாட்டேன்" என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் எப்படியோ நேராகப் போயிற்று. எந்த 'நான்' பேசுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"போகலாமா வேண்டாமான்னு நான் சொல்லப் போறதில்ல. இறங்கற இடம் அவளுக்குத்தான் தெரியும். நான் கண்டக்டர், டிக்கெட் கொடுக்கறது மட்டும்தான் என் வேலை. ஆனா ஒண்ணு. எங்க போறேன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். ட்ரெயினிங்னு பிட்டு போடக் கூடாது."

கடைசி வரியை ஆங்கிலத்தில் சொல்லும்போது கிளி சிரித்துவிட்டாள். மண்டபமே எழுந்து கை தட்டியது. மேஜைக்கடியிலிருந்து வாலுவின் விசும்பல் கேட்டது.

கண்டக்டரம்மா கையை உயர்த்தினார். மைக்கிலிருந்து தள்ளி, தன் சொந்தத் தொண்டையில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"ரைட்! போலாம்!"

அதை மட்டும் கிளி மொழிபெயர்க்கவில்லை. எந்த நாட்டுப் பெண்ணும் அதற்கு அர்த்தம் கேட்கவுமில்லை.

*

நடைபாதையில் மூன்று பேரும் எதிரெதிரே நின்றார்கள். துண்டில் முடிந்த வளையல்கள் கிளியின் கையில் சிணுங்கின.

"ம். சொல்லு" என்றார் கண்டக்டரம்மா.

கிளி மூஞ்சியைப் பார்த்தாள். "அத்தை, எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு."

"இவ்வளவுதானே? இதுக்கா காலைல மைக்கு, வாய்னு உளறினே?" என்று இழுத்துத் தன் காக்கிக் கோட்டில் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட கோட்டு கசங்கியது.

"அம்மா, நானு?" என்றாள் வாலு.

"நீ தள்ளி நில்லு. வாரா வாரம் பிட்டு போடறவதானே?" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் அவள் காதைப் பிடித்து அருகே இழுத்தார்.

பிறகு கண்டக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"என் பையன் என்ன சொல்றான்?"

"நீ போ, கடையை மூடிட்டு நானும் பின்னாலயே வந்துடறேன்னு சொன்னார் அத்தை."

கண்டக்டரம்மாவின் கை கிளியின் முதுகில் நின்றுவிட்டது.

"எப்ப சொன்னான்?"

"போன வாரம்."

அவர் தோல் பையைத் திறந்தார். சில்லறை போடும் அறையில் விரலை விட்டு ஒரு சாவியை எடுத்தார். புதுச் சாவி. பளபளப்புகூடப் போகவில்லை.

"அப்ப இது?"

"என்ன அத்தை இது?"

"நேத்துக் காலைல கொடுத்தான். பக்கத்துக் கடையையும் எடுத்துட்டேம்மா, நடுச்சுவரை இடிச்சு ஒரே கடையாப் பண்ணப் போறேன், பத்திரமா வச்சிருன்னு. ஏதோ உனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப் போறான்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன். நானே மூடிட்டுத்தான் இருந்தேன், அதுவும் தப்புதான்."

"கடையை மூடறேன்னு சொன்னவர்... இன்னொரு கடையா?" கிளி சாவியையே பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

கண்டக்டரம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு, மேடையில் அவ்வளவு பேசிவிட்டு இங்கே மறைக்கக் கூடாது என்று நினைத்தவராக, உள்ளதைச் சொன்னார்.

"'கிளிகிட்ட இப்ப சொல்லாதம்மா... அவ தாங்க மாட்டா'ன்னான்."

வாலு தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது குடும்ப வியாதி!"

வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மூவரையும் அழைத்துப் போக அவன் வந்து நின்றிருந்தான். சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உற்சாகமாகக் கையை உயர்த்தினான்.

மூன்று பெண்களும் ஒரே வரிசையில் அவனை நோக்கி நடந்து வந்தார்கள். நடுவில் அம்மா. அம்மாவின் கையில் சாவி.

உயர்த்திய கை மெல்ல இறங்கியது. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து துடைக்கத் தொடங்கினான்.